புதிரில் புலி, வீட்டில் மறதி

காலை ஏழு மணிக்குக் கிழக்கு டெல்லியில் எங்கள் குடியிருப்பின் பூங்காவில் மூன்று வகை மனிதர்களைப் பார்க்கலாம். வேகமாக நடப்பவர்கள், அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர்கள், பேப்பரை நான்காக மடித்து வைத்துக்கொண்டு சுடோகு போடுபவர்கள். மூன்றாவது கோஷ்டியின் தலைவர், மத்திய அரசுக் கணக்குத் துறையில் முப்பத்தைந்து வருடம் உழைத்து ஓய்வு பெற்ற தஞ்சாவூர்க்காரர். வயது 74. கையில் பென்சில், சட்டைப் பையில் ரப்பர். ‘மிகக் கடினம்’ என்று போட்டிருக்கும் கட்டத்தைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார். முடித்த கையோடு ஒரு சின்னப் பிரசங்கமும் உண்டு. “மூளைங்கறது கத்தி மாதிரி சார். தீட்டிக்கிட்டே இருந்தா துருப்பிடிக்காது. மறதியெல்லாம் நம்ம பக்கம் தலைவச்சுப் படுக்காது.”

அவருடைய எட்டு வயதுப் பேத்தி சனி, ஞாயிறுகளில் அபாகஸ் வகுப்புக்குப் போகிறாள். மகன் அலுவலகம் போகும்போது மெட்ரோ ரயிலில் செல்போனில் ஒரு விளையாட்டு ஆடுகிறார். மின்னி மறையும் படங்களை நினைவில் வைத்துச் சரியான கட்டத்தை அழுத்தினால், உங்கள் மூளைக்கு இன்றைய மதிப்பெண் இவ்வளவு என்று அது சொல்கிறது. மூன்று தலைமுறை, நம்பிக்கை ஒன்றுதான். மூளை ஒரு தசை. எதையாவது கொடுத்து அதற்குப் பயிற்சி தந்தால், எல்லாக் காரியத்துக்கும் அது பலம் பெற்றுவிடும்.

சென்ற ஆண்டு அந்த வீட்டில் சில சின்னச் சின்ன விஷயங்கள் நடந்தன. பெரியவர் பால் காய்ச்ச வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார். வங்கிக்குப் போனவர் வழக்கமான ஸ்டேஷனைத் தாண்டி இறங்கிவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். கேட்ட கேள்வியையே அரை மணி நேரத்தில் மறுபடி கேட்டார். முதலில் கவனித்தவர் மருமகள். “மாமாவை ஒரு டாக்டர்கிட்ட காட்டிடலாமே” என்றார். வீட்டில் மற்ற எல்லோருக்கும் ஒரே பதில்தான். தினமும் சுடோகு போடுகிறவருக்கு என்ன மறதி? அதுவும் ‘மிகக் கடினம்’. இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது.

அந்த எட்டு மாதத்துக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், அந்த வீட்டின் மூன்று தலைமுறையும் நம்பும் விஷயம் எவ்வளவு தூரம் உண்மை என்று பார்த்துவிடலாம். ஏனெனில் அந்த நம்பிக்கை அவர்கள் வீட்டில் மட்டும் குடியிருக்கவில்லை.

நம்பிக்கை புதிதும் அல்ல. ஐரோப்பியப் பள்ளிகள் லத்தீன் மொழியையும் ஜியோமிதியையும் பிள்ளைகளின் தலையில் ஏற்றியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அவை மனத்தைப் பொதுவாகக் கூர்மைப்படுத்தும் என்பது. லத்தீன் படித்தவன் வியாபாரத்திலும் வழக்காடுவதிலும் சிறப்பான் என்று நினைத்தார்கள். இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் எட்வர்ட் தார்ண்டைக், ராபர்ட் உட்வொர்த் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். ஆண்டு 1901. காகிதத்தில் வெட்டிய செவ்வகங்களின் பரப்பளவைக் கண்ணால் பார்த்தே மதிப்பிடச் சிலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற அளவுகளில் நன்றாகவே தேறினார்கள். வேறு அளவிலும் வேறு வடிவத்திலும் காகிதத்தைக் கொடுத்தபோது, தேர்ச்சியில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. ஒன்றில் பெறும் பயிற்சி இன்னொன்றுக்குத் தாவ வேண்டுமானால் இரண்டுக்கும் பொதுவான அம்சங்கள் இருக்க வேண்டும் என்றார் தார்ண்டைக். நூற்றிருபது வருடத்துக்கும் மேலாகிவிட்டது. அந்த வாக்கியத்தை அசைப்பது சுலபமாக இல்லை.

இதைவிடச் சுவையான சோதனை ஒன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. விநாடிக்கு ஒன்றாகச் சொல்லப்படும் எண்களைக் கேட்டு அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சாதாரணமாக நம்மால் ஏழு எண்கள்வரை முடியும். சோதனைக்கு வந்த மாணவரும் ஏழில்தான் ஆரம்பித்தார். வாரத்தில் சில நாட்கள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று ஏறக்குறைய இருபது மாதம் பழகினார். 1980இல் முடிவு வெளியானபோது அவர் 79 எண்களைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அபார ஞாபகசக்தி வந்துவிட்டது என்றுதானே நினைப்போம்? எண்களுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்களைச் சொல்லிப் பார்த்தார்கள். ஆறோடு நின்றுவிட்டார்.

ரகசியம் இதுதான். அவர் ஓட்டப்பந்தய வீரர். 3, 4, 9, 2 என்று கேட்டால், ஒரு மைல் ஓட்டத்துக்கு 3 நிமிடம் 49.2 விநாடி என்று மனத்தில் குறித்துக்கொள்வார். ஓட்ட நேரமாக மாறாத எண்களை யாரோ ஒருவரின் வயதாக ஆக்கிக்கொள்வார். இப்படி மூட்டை மூட்டையாகக் கட்டி அடுக்கினார். அடுக்கும் வித்தையைக் கற்றாரே தவிர, அறையின் கொள்ளளவு கூடவில்லை. எழுத்துக்களுக்கு அந்த வித்தை செல்லவில்லை.

சதுரங்கத்திலும் இதே கதைதான். நிஜ ஆட்டத்தின் நடுவில் காய்கள் இருக்கும் நிலையைச் சில விநாடி காட்டிவிட்டு மறைத்தால், கைதேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திரும்ப வைத்துவிடுவார். அதே காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டினால் அவருடைய அனுகூலம் அநேகமாக மறைந்துவிடுகிறது. வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் இதைக் காட்டினார்கள். 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் உலக சாம்பியன் ஆனதைப் பார்த்து, நம் பிள்ளைக்குக் கணக்கு வரட்டும் என்று சதுரங்க வகுப்பில் சேர்த்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தில் நூறு ஆரம்பப் பள்ளிகளில் நாலாயிரம் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பாதிப் பள்ளிகளில் ஒரு வருடம் சதுரங்கம் சொல்லித் தந்தார்கள், மற்றவற்றில் இல்லை. அடுத்த ஆண்டு நடந்த கணக்குத் தேர்வில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முடிவு 2016இல் வெளிவந்தது. சதுரங்கம் கற்றுக்கொள்ளச் சதுரங்கமே போதுமான காரணம். கணக்கை அதன் தலையில் கட்ட வேண்டியதில்லை.

இந்த விஷயம் ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. 2005இல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி, டோஹோக்கு பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வாளர் ரியூட்டா கவாஷிமாவின் பெயரோடு ஒரு கையடக்க விளையாட்டை வெளியிட்டது. சின்னக் கணக்குகளை வேகமாகப் போட வேண்டும், உரக்கப் படிக்க வேண்டும். கடைசியில் உங்கள் ‘மூளை வயது’ என்ன என்று அது அறிவிக்கும். இருபது என்றால் உத்தமம். ஐம்பது வயதுக்காரர் முதல் நாள் எழுபது என்று தெரிந்து திடுக்கிட்டு, ஒரு மாதத்தில் முப்பதுக்கு இறங்கினால் வரும் சந்தோஷத்தை நினைத்துப் பாருங்கள். உலகம் முழுவதும் கோடிக்கும் மேல் விற்றது. பிறகு ஸ்மார்ட்போன் வந்தது. மூளைப் பயிற்சி எல்லோர் சட்டைப் பைக்குள்ளும் நுழைந்துவிட்டது.

முப்பதுக்கு இறங்கியது மூளையின் வயதா, அந்த விளையாட்டில் வந்த பழக்கமா? பி.பி.சி. தொலைக்காட்சியின் ஒரு நிகழ்ச்சி மூலம் ஆள் சேர்த்து, கேம்பிரிட்ஜின் ஏட்ரியன் ஓவன் குழு இதைச் சோதித்தது. 11,430 பேர் ஆறு வாரம் பயிற்சியில் கலந்துகொண்டார்கள். பயிற்சி செய்த விளையாட்டுகள் எல்லாவற்றிலும் மதிப்பெண் ஏறியது. பயிற்சி செய்யாத சோதனைகளில், அவை கிட்டத்தட்ட அதே திறமைகளைக் கோரியவையாக இருந்தும், சொல்லும்படியான பலன் இல்லை. 2010இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியான இந்த முடிவு வியாபாரத்தை நிறுத்திவிடவில்லை. 2016 ஜனவரியில்தான் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் தலையிட்டது. லுமாசிட்டி என்ற பிரபல மூளைப் பயிற்சி ஆப்பை நடத்திய கம்பெனி, படிப்பிலும் வேலையிலும் சிறக்கலாம், முதுமை மறதியைத் தள்ளிப்போடலாம் என்று விளம்பரம் செய்ததற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று குற்றம் சாட்டியது. கம்பெனி இருபது லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

விஞ்ஞானிகள் எல்லோரும் ஒரே கட்சி என்றும் சொல்ல முடியாது. 2014இல் ஏறக்குறைய எழுபது பேர் சேர்ந்து, இந்த விளையாட்டுகள் மூளையைப் பொதுவாக மேம்படுத்துவதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று அறிக்கை விட்டார்கள். சில வாரங்களில் நூறு பேருக்கும் மேல் சேர்ந்து மறுத்தார்கள். சான்று என்று பெரிய ஆய்வுப் பட்டியலையே நீட்டினார்கள். அந்தப் பட்டியலில் இருந்த ஆய்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலித்து, டேனியல் சைமன்ஸும் அவருடைய சகாக்களும் 2016இல் ஒரு நீண்ட அறிக்கை எழுதினார்கள். பயிற்சி செய்த வேலையில் முன்னேற்றம் நிச்சயம், அதை ஒத்த வேலைகளில் ஓரளவு, தூரத்து வேலைகளிலும் அன்றாட வாழ்க்கையிலும் மிகச் சொற்பம் என்பது அதன் சாரம்.

ஒரு விதிவிலக்கை மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1998இல் ஆரம்பித்த ‘ஆக்டிவ்’ ஆய்வில் 65 வயதைத் தாண்டிய 2,832 பேரை நான்காகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஞாபகப் பயிற்சி, இன்னொன்றுக்குத் தர்க்கப் பயிற்சி, மூன்றாவதற்குக் கண்ணில் படுவதை வேகமாகப் பிடிக்கும் பயிற்சி, நான்காவதற்கு ஒன்றுமில்லை. பயிற்சி மொத்தம் பத்து அமர்வுகள்தான். சிலருக்குப் பின்னால் சில அமர்வுகள் கூடுதலாகக் கிடைத்தன. பத்து வருடம் கழித்துக் கணக்கெடுத்ததில், வேகப் பயிற்சி பெற்றவர்களிடம் டிமென்ஷியா எனப்படும் மறதி நோயின் அபாயம் 29 சதவீதம் குறைவாக இருந்ததாக 2017இல் அறிவித்தார்கள். கவனிக்க வேண்டியது, ஞாபகப் பயிற்சியும் தர்க்கப் பயிற்சியும் அப்படிப் பலன் தரவில்லை. நோயைத் தீர்மானித்த முறை பற்றியும் கேள்விகள் எழுந்தன. ஒரு குறிப்பிட்ட பயிற்சிக்கு ஏதோ பலன் இருக்கலாம் என்பதற்கு இது சான்று. கடையில் விற்கும் எல்லாப் புதிருக்கும் இதை நற்சாட்சிப் பத்திரமாக ஒட்டிக்கொள்வது நியாயமல்ல.

நம் நாட்டுக்கு வருவோம். அபாகஸ் வகுப்பு இல்லாத நகரம் இந்தியாவில் இன்று இல்லை. மணிச்சட்டத்தை மனத்துக்குள் கற்பனை செய்து, காற்றில் விரலை ஆட்டிப் பெரிய கூட்டல்களைக் கணப்பொழுதில் போடும் குழந்தைகளைப் பார்த்து அசந்துபோகாதவர் கிடையாது. விளம்பரங்கள் இன்னும் மேலே போகின்றன. கவனம் கூடும், ஞாபகம் கூடும், மூளையின் இரண்டு பாதியும் விழித்துக்கொள்ளும் என்கின்றன. இதற்கான நல்ல சோதனை ஒன்று குஜராத்தில் வடோதராவில் நடந்தது. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் 204 குழந்தைகளை, அமெரிக்காவின் டேவிட் பார்னரும் சகாக்களும் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு வாரம் மூன்று மணி நேரம் அபாகஸ். மற்றவர்களுக்கு அதே மூன்று மணி நேரம் வழக்கமான கணக்குப் பாடம். மூன்று வருடம் தொடர்ந்தது.

அபாகஸ் பிள்ளைகள் கூட்டல், கழித்தல் முதலிய கணக்குகளில் முந்தினார்கள். அது மெய்யான பலன், குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் ஞாபகசக்தி போன்ற பொதுத் திறமைகளில் மாறுதல் இல்லை. அதோடு, ஆரம்பத்திலேயே உருவங்களை மனத்தில் நிறுத்தும் திறமை கூடுதலாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் அபாகஸ் நன்றாகப் பிடிபட்டது. ஆக, காற்றில் விரலாட்டும் குழந்தையின் சாமர்த்தியத்துக்கு அபாகஸ் மட்டும் காரணமல்ல. அந்தக் குழந்தையும் காரணம். பிடிபடாமல் அழும் குழந்தையின் மூளையில் குறை எதுவும் இல்லை. கூட்டல் வேகம் வேண்டுமா, அபாகஸ் அனுப்புங்கள். சரித்திரப் பாடம் மனத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக அனுப்பாதீர்கள்.

டெல்லியில் நடந்த இன்னொரு சோதனை மனத்தைத் தொடுகிறது. பிரதம் அமைப்பு ஏழைக் குழந்தைகளுக்காக நடத்தும் 214 பாலர் பள்ளிகளில், ஐந்து வயதை ஒட்டிய 1,540 குழந்தைகள். நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்ளோவும் உளவியலாளர் எலிசபெத் ஸ்பெல்கியும் அடங்கிய குழு, புள்ளிகளில் எது அதிகம், எந்த உருவம் மாறுபட்டது என்று கண்டுபிடிக்கும் விளையாட்டுகளை நான்கு மாதம் ஆடவைத்தது. குழந்தைகள் சந்தோஷமாக ஆடினார்கள். புள்ளிகளை ஒப்பிடும் திறமை வளர்ந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகும் அது அப்படியே நின்றது. ஆனால் ஆரம்பப் பள்ளிக்குப் போய் எண்களை எழுதிக் கணக்குப் போடும் இடத்தில், ஆடாத பிள்ளைகளைவிட முந்தவில்லை. புள்ளிக்கும் எழுத்தில் இருக்கும் எண்ணுக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். விளையாட்டு அந்தப் பாலத்தைக் கட்டித் தரவில்லை.

பாலம் இல்லாததன் கொடுமை 2025இல் ‘நேச்சர்’ வெளியிட்ட ஆய்வில் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. டஃப்ளோவும் அபிஜித் பானர்ஜியும் அடங்கிய குழு, கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் வியாபாரம் பார்க்கும் 1,436 பிள்ளைகளைச் சந்தித்தது. கிலோ இருபது ரூபாய் உருளைக்கிழங்கில் 800 கிராம், கிலோ பதினைந்து ரூபாய் வெங்காயத்தில் ஒரு கிலோ 400 கிராம். மொத்தம் எவ்வளவு? தராசை வைத்துக்கொண்டே முப்பத்தேழு என்று சொல்லிவிடுவார்கள். அவர்களிடமே பள்ளிக்கூடப் பாணியில் காகிதத்தில் ஒரு வகுத்தல் கணக்கைக் கொடுத்தால் பெரும்பாலோர் தடுமாறினார்கள். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளோ காகிதத்தில் போட்டார்கள், சந்தைக் கணக்கில் விழித்தார்கள். இரண்டும் கணக்குதான். ஒரே தலைக்குள் கணக்கிலிருந்து கணக்குக்கே தாவாத திறமை, சுடோகுவிலிருந்து ஞாபகத்துக்கு எப்படித் தாவும்?

இந்த இடைவெளியில் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘நடுமூளையைத் தூண்டுகிறோம்’ என்று கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் குழந்தைகளை மேடையேற்றும் வகுப்புகள் பல மாநிலங்களில் கிளை பரப்பின. கட்டணம் ஆயிரக்கணக்கில். மங்களூரின் பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் இதை எதிர்த்து ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். வித்தை வேறொன்றும் இல்லை. கட்டிய துணிக்கும் மூக்குக்கும் நடுவே கீழ்ப்பக்கம் ஓர் இடுக்கு இருக்கிறது. குழந்தை அதன் வழியாகப் பார்க்கிறது. இடுக்கை அடைத்தால் நடுமூளை தூங்கிவிடும். இதில் பெற்றோரின் பணம் போவது பெரிய விஷயமல்ல. ஏமாற்றினால் அப்பா அம்மா கைதட்டுவார்கள் என்று ஒரு குழந்தை கற்றுக்கொள்கிறதே, அதுதான் பெரிய நஷ்டம். அந்தப் பயிற்சி வேறு காரியங்களுக்கும் தாவாமல் இருக்க வேண்டும் என்று பிரார்த்திக்கலாம்.

முதியவர்கள் விஷயம் இன்னும் கனமானது. நம் நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்வதாக 2023இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. புதிர் போடுகிறவர்களுக்கு மறதி குறைவு என்று சொல்லும் செய்திகளைப் பேப்பரில் அடிக்கடி பார்க்கிறோம். அதில் ஒரு சிக்கல். புதிர் போட்டதால் தெளிவாக இருக்கிறார்களா, தெளிவாக இருப்பதால் புதிர் போடுகிறார்களா? இதைப் பிரித்துப் பார்க்க ஸ்காட்லாந்தில் அபர்தீனில் ஒரு வாய்ப்பு கிடைத்தது. 1936இல் பிறந்தவர்களுக்குப் பதினொரு வயதில் எடுத்த அறிவுத்தேர்வு மதிப்பெண்கள் அங்கே பத்திரமாக இருந்தன. அவர்களில் 498 பேரை முதுமையில் பல வருடம் தொடர்ந்து சோதித்து, முடிவை 2018இல் வெளியிட்டார்கள். வாழ்நாளெல்லாம் மூளைக்கு வேலை தந்தவர்கள் உயரமான படியிலிருந்து இறங்க ஆரம்பித்தார்கள். இறங்கும் வேகம் மற்றவர்களைப் போலத்தான் இருந்தது.

படியின் உயரமும் லாபம்தான், சந்தேகமில்லை. அந்த உயரத்தைத் தருவது எது? 2013இல் ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடியும் சகாக்களும் 648 டிமென்ஷியா நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டு அல்லது மேற்பட்ட மொழிகள் பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. இதுவும் நோயாளிகளைப் பார்த்து எடுத்த கணக்குதான், நிரூபணம் அல்ல. வேறு நாடுகளில் இதற்கு மாறான முடிவுகளும் உண்டு. இருந்தாலும் வீட்டில் தமிழ், காய்கறிக்காரரிடம் ஹிந்தி, ஆபீஸில் ஆங்கிலம், மாடி வீட்டு வங்காளியிடம் அவர் பாஷை என்று தினமும் மாறி மாறி அல்லாடும் வெளிமாநிலத் தமிழருக்கு இது ஆறுதலான செய்தி. காசு கொடுக்காமலே நாம் ஒரு பயிற்சிக்கூடத்தில் குடியிருக்கிறோம். ஊர் மாறி வந்து, வாசல் கதவைச் சாத்திக்கொண்டு தமிழ் சீரியல் மட்டும் பார்க்கும் தாத்தா பாட்டிகளைக் கொஞ்சம் வெளியே அழைத்து வரலாம்.

‘லான்ஸெட்’ மருத்துவப் பத்திரிகை அமைத்த நிபுணர் குழு 2024இல், மாற்றிக்கொள்ளக்கூடிய பதினான்கு காரணங்களைப் பட்டியல் போட்டது. அவற்றைச் சரி செய்தால் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணிப்பு. இளமையில் போதிய படிப்பில்லாமை, காது கேளாமை, பார்வைக் குறைவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், உடல் உழைப்பின்மை, புகை, மது, மனச்சோர்வு, தனிமை, தலையில் அடி, காற்று மாசு. சுடோகு போடாமை அந்தப் பட்டியலில் இல்லை. டெல்லியில் இருப்பவர்கள் கடைசிக் காரணத்துக்கு ஒன்றும் செய்ய முடியாமல் பெருமூச்சு விடலாம், அதுவும் மாசான காற்றைத்தான். ஆனால் மீதிப் பலவற்றுக்கு நம் தெருமுனை டாக்டரே போதும்.

எங்கள் பெரியவரின் கதைக்கு வருகிறேன். கடைசியில் மருமகள் பிடிவாதமாக ஒரு விடுமுறை எடுத்து, “கண் டெஸ்ட்டுக்குப் போயிட்டு வரலாம் மாமா” என்று பொய் சொல்லி டாக்டரிடம் அழைத்துப் போனார். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருந்தது. சுத்த சைவம், அதோடு வருடக்கணக்காகச் சர்க்கரை மாத்திரை. இரண்டுமே பி12ஐக் குறைக்கக்கூடியவை. காதும் பாதிதான் கேட்டது. கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்டாரே, பல சமயம் பதில் அவர் காதில் விழவே இல்லை. ஊசி போட்டார்கள், காதுக் கருவி பொருத்தினார்கள். சில மாதங்களில் நல்ல மாறுதல் தெரிந்தது. முழுக்கச் சரியாகிவிட்டதா என்றால், டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார். எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னாராம். பி12 குறைவும் தைராய்டும் மனச்சோர்வும் சில மருந்துகளும் மறதியைப் போல வேஷம் போடும். காலத்தில் கண்டுபிடித்தால் வேஷத்தைக் கலைக்கலாம். தாமதித்தால் நரம்பில் ஏற்பட்ட சேதம் சில சமயம் தங்கிவிடும்.

அந்த எட்டு மாதமும் சுடோகு மட்டும் குறையாமல் வந்துகொண்டிருந்தது ஏன்? இருபது வருடம் தினமும் பழகிய வேலை. மற்றவை தடுமாறும்போதும் நன்றாகப் பழகிய காரியம் நிலைத்து நிற்கலாம். பழகியதில் தேர்ச்சி, பழகியதில் மட்டும் தேர்ச்சி என்று ஆய்வுகள் சொன்னதையே அவர் பூங்கா பெஞ்சில் நடத்திக் காட்டிக்கொண்டிருந்தார். குடும்பம் அதை உடம்பு நன்றாக இருப்பதற்கான சான்றிதழ் என்று படித்துவிட்டது. மூளைப் பயிற்சி விளையாட்டுகளால் வரும் பெரிய ஆபத்து அவை பலிக்காமல் போவது அல்ல. பலித்துவிட்டது என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுவது.

அதற்காகப் புதிரைத் தூக்கி எறிய வேண்டாம். சுடோகு ஜப்பானியப் பெயரோடு உலாவினாலும் பிறந்த இடம் அமெரிக்கா. ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற, ஓய்வு பெற்ற கட்டடக் கலைஞர் உருவாக்கியதாக அறியப்படுகிறது. 1979இல் ஒரு புதிர்ப் பத்திரிகையில் அது வெளிவந்தபோது அவருக்கும் வயது 74. பொழுதுபோக்கு என்றுதான் கொடுத்தார். மருந்து என்று லேபிள் ஒட்டியது பின்னால் வந்தவர்கள். பிடித்திருந்தால் போடுங்கள். யாராவது காசு கேட்டால் மட்டும் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் பயிற்சியால் இந்த விளையாட்டைத் தவிர வேறு எது மேம்பட்டது? இதே நேரத்தை வேறு பயிற்சியில் செலவிட்டவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? பதில் சொல்லத் திணறினால் பர்ஸை மூடிவிடலாம். கணக்கு வர வேண்டுமென்றால் கணக்குப் போடுங்கள். பெயர்கள் மறந்துபோனால் பெயர்களை எழுதி வைத்துப் பழகுங்கள். புது மொழி வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

பெரியவர் இப்போதும் காலையில் பூங்காவுக்கு வருகிறார். பேப்பர், பென்சில், ரப்பர் எல்லாம் உண்டு. ஆனால் உட்காருவதற்கு முன்னால் மூன்று சுற்று நடக்கிறார். சென்ற வாரம் கட்டத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தவர், வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பிக்கப்போகிறார் என்று நினைத்தேன். காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நீங்க பி12 டெஸ்ட் எடுத்தாச்சா சார்?”